தூங்காத பெண்ணைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி

காலை பதினொன்று இருபது. முதலில் கண்ணில் பட்டது ஒரு நோட்டுப் புத்தகம். அதில் நீல மையில் ஐந்து வரிகள் ஒழுங்காக இருந்தன. ஆறாவது வரியில் ஒரு சொல் பாதியில் நின்றுபோய், அங்கிருந்து ஒரு கோடு சாய்வாக இறங்கி, பக்கத்தின் ஓரத்தைத் தாண்டி மேசைப் பலகை மீதும் போயிருந்தது. கோட்டின் முடிவில் பேனா. பேனாவைப் பிடித்திருந்த கை என் அக்காவின் மூத்த மகளுடையது. முதுகு நேராக இருந்தது. இமைகள் முழுதாக மூடவில்லை, நடுவே வெள்ளை தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண், இவள் சரிந்துவிடாமல் தன் தோளை அண்டக் கொடுத்துக்கொண்டே கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். தினமும் செய்கிற வேலை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"பாத்தீங்களா சார்? இது மூணாவது பீரியட். முதல் பீரியட்லயும் இப்படித்தான்" என்றார் தலைமையாசிரியை. ஒன்பதாம் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் நின்றிருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தது என் போன் நம்பர். அக்கா விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். பத்திலிருந்து இரண்டு மணி வரை அவள் கையில் போனை எடுக்கவே மாட்டாள். அவள் கணவர் விசைப்படகில் போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எனவே பள்ளியிலிருந்து எது வந்தாலும் எனக்குத்தான் வரும். நான் ஒரு நாளிதழில் தலைமை நிருபர்.

தலைமையாசிரியையின் அறைக்குப் போனோம். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், சுவரில், நான் எழுதிய செய்தி லேமினேட் செய்யப்பட்டு மாட்டியிருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் வந்தது. நாலாம் பக்கம், கீழே வலது மூலை, கட்டம் கட்டிய பெட்டிச் செய்தி.

"பிரேயர்ல வாசிச்சோம் சார். பசங்க எல்லாம் கை தட்டினாங்க. அதனாலயே திட்ட மனசு வரல. ஆனா அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம். இப்படியே போனா பத்தாவதுக்கு அனுப்பறதா வேணாமான்னு நான் யோசிக்கணும். நீங்களே சொல்லுங்க, இந்தப் பொண்ணு எப்பதான் தூங்குது?"

அவர் தலைக்கு மேல் இருந்த என் செய்தியில் அதற்குப் பதில் இருந்தது.

*

ஒரு வருடத்துக்கு முன்பு வரை அந்தப் பெண்ணின் தூக்கம் எங்கள் வீட்டுக்குள் ஒரு கேலிப்பேச்சு. பண்டிகை நாளில் தெருவில் சரவெடி வெடிக்கும்போதும் தூங்குவாள். மழை ஒழுகும் இடத்திலிருந்து பாயோடு இழுத்து நகர்த்தினாலும் விழிக்க மாட்டாள்.

அந்த வருடம் ஒரு நாள் இரவு, பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால், எண்ணூரில், அக்கா வீடு இருக்கிற நெட்டுக்குப்பம் பக்கம் காற்றில் ஒரு நெடி வந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள் இருக்கிற எங்கள் பகுதியில் நெடி புதிதல்ல. இது வேறு மாதிரி இருந்தது. தொண்டை அடைத்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஜனங்கள் கையில் கிடைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடினார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒன்றேகால் மணிக்கு, செய்தி எடுக்க. அக்கா ரோட்டின் நடுத் தடுப்பில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் மடியில் இருந்தாள். பெரியவள் அக்காவைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

அக்கா என்னை ஓரமாக இழுத்துப் போனாள். "பெருச உள்ளயே வுட்டுட்டேன்டா" என்றாள். "சின்னத தூக்கிகினு ஓடியாந்துட்டேன். இது பக்கத்து வூட்டு அண்ணிகூட வந்துகினு கீதுன்னு நெனச்சேன். ரோட்டாண்ட வந்து பாத்தா அண்ணிகூட இல்ல. திரும்பி ஓடிப் போனா, போத்திகினு தூங்குதுடா. நாலு அறை வுட்டுத்தான் எழுப்புனேன். நீ யார்ட்டயும் சொல்லாத. அந்தாளு காதுல வுழுந்தா என்ன கொன்னே பூடுவாரு."

யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அனுப்பிய செய்தியில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் என்று இருந்தது. யார் யாரை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று இல்லை.

மறுநாளே அக்கா வீட்டுச் சந்தில் கூடிப் பேசி, ஆண்கள் இரவுக் காவல் இருப்பது என்று முடிவு செய்தார்கள். ராத்திரிக்கு இரண்டு பேர். நெடி வந்தால் அடிக்க ஒரு எவர்சில்வர் தாம்பாளமும் ஒரு குழம்புக் கரண்டியும் சந்து முனையில் வைக்கப்பட்டன. இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தது. பிறகு கடல் தெளிந்தது, படகுகள் போயின, ஆட்களும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள்.

அந்த இரண்டு வாரமும் பெரியவள் தூங்கவில்லை என்பதைச் சந்து அப்போதுதான் கவனித்தது. ராத்திரி எந்த நேரத்தில் யார் கதவைத் திறந்தாலும் அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் காவலுக்கு நியமிக்கவில்லை. ஒரு நாள் தாம்பாளமும் கரண்டியும் அக்கா வீட்டுப் படிக்கு வந்திருந்தன, அவ்வளவுதான். "பாப்பா எப்டியும் முழிச்சிகினுதான கீது, நம்ம இன்னாத்துக்கு கண்ணு முழிக்கணும்?" என்றார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. படகுக்குப் போகிற வீட்டில் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூங்குவது வழக்கம். விழித்திருப்பவருக்கு என்ன வயது என்று பார்க்கும் வழக்கம் இல்லை.

வேலை கூடிக்கொண்டே போனது. "பாப்பா, ரெண்டுக்கு ஒரு கொரலு குடு." "பாப்பா, மூணுக்கு என்ன எழுப்பு, இந்தப் போனு அடிச்சா எனுக்கு காதுல வுழாது." எல்லோர் வீட்டிலும் அலாரம் வைக்க போன் இருந்தது. அவள் அதைவிட நம்பகமாக இருந்தாள். வயதான ஒரு மீனவர் என்னிடம் சொன்னார்: "கப்பக்காரனுக்கு லைட் அவுசு கீது. நம்மளுக்கு பாப்பா கீது." பக்கத்து வீட்டு அண்ணி அதற்கு மேல் போனாள்: "எங்க வூட்டு ஆளு கொறட்ட வுட்டா கூட வந்து மோந்து பாத்துட்டுப் போவுது நைனா!"

நான் சிரித்தேன். அதைக் குறித்தும் கொண்டேன்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. எதிரே அந்தப் பெண். அன்று என் குறிப்பேட்டில் எழுதியவை இன்னமும் என்னிடம் இருக்கின்றன. கண்ணுக்குக் கீழே கருமை. கீழுதட்டில் பல் பதிந்த புண். சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே நின்றது, ஏறக்குறைய இருபது நொடி. ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் சொன்னாள், இரண்டாவது முறை வேறு பதில். தண்ணீர்ச் சொம்பை எடுக்க நீட்டிய கை சொம்புக்கு ஒரு விரல் தள்ளிப் போயிற்று.

"உனுக்கு தூக்கமே வராதா?" என்று கேட்டேன்.

"வருது மாமா. நான்தான் வுடறதில்ல."

அந்தப் பதிலைத் தலைப்புக்குக் கீழே, தடித்த எழுத்தில் போட்டேன். கருமையையும் உதட்டுப் புண்ணையும் நின்றுபோன கையையும் ஒன்று விடாமல் எழுதினேன், அர்ப்பணிப்புக்குச் சாட்சியாக. பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை. ஒரு நோயின் அறிகுறிகளை வரிசையாக எழுதிவிட்டு மேலே பாராட்டுத் தலைப்பு வைத்தேன்.

நெடி வந்த இரவைப் பற்றி ஒரே வாக்கியம்தான்: 'அன்றிரவு ஏற்பட்ட அனுபவமே இந்தச் சிறுமியை விழிக்க வைத்தது.' அந்த வாக்கியத்தில் தகவல் இல்லை. மற்ற நிருபர்கள் இப்படி எழுதி அனுப்பினால், என்ன அனுபவம் என்று போன் போட்டுக் கேட்கிற ஆள் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

செய்தி வந்த மறுவாரம் வார்டில் ஒரு கூட்டம் போட்டு அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒரு டார்ச் லைட் கொடுத்தார்கள். சால்வையை அக்கா பீரோவில் மடித்து வைத்தாள். மார்க்கெட்டில் மீன் வாங்க வருகிறவர்களிடம் பேப்பரைக் காட்டினாள். அவளுடைய மகளைப் பற்றி அவள் சொல்ல முடியாத ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாகச் சொல்லக்கூடிய ஒன்றை நான் கொடுத்திருந்தேன். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பெரியவள் பேப்பரை ஒரு முறை படித்தாள். "நல்லாகீதா?" என்று கேட்டேன். "ம்" என்றாள்.

அதுவரை அவள் அசந்து ஒரு மணி நேரம் தூங்கிப்போனால் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு தூங்கினால் ஊருக்கே தெரியும்.

*

பள்ளியிலிருந்து திரும்பிய வாரமே அக்காவையும் அவளையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மனநலப் புறநோயாளர் பிரிவு, புதன்கிழமை, ஒன்பது மணிக்குச் சீட்டு வாங்கி பன்னிரண்டரைக்கு உள்ளே போனோம். டாக்டர் முப்பது வயதுகூட இல்லாத பெண். அவரும் சரியாகத் தூங்காதவர் போல இருந்தார்.

கேள்விகள் வேகமாக வந்தன. எத்தனை மணிக்குப் படுப்பாய், படுத்து எவ்வளவு நேரம் ஆகும், பகலில் எங்கே தூங்குவாய், போன் பார்ப்பாயா, கெட்ட கனவு வருமா. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னாள். டாக்டர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே பேசினார்.

"பகல்ல தூங்கக் கூடாது. காலைல ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கணும், ஞாயித்துக்கிழமையும். எழுந்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சத்துல நிக்கணும். இதெல்லாம் எழுதித் தரேன். ஆனா இந்தப் பொண்ணுக்குத் தூக்கம் வராம இல்ல. தூங்கறதுக்குப் பயப்படுது. இது எப்பலேருந்துமா?"

"சின்னதுலேர்ந்தே அப்டித்தான் மேடம்" என்றாள் அக்கா.

பெரியவள் சிரித்தாள். "இன்னாமா டபாய்க்கற?" என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "ஒரு நாளு ராத்திரி காத்துல நெடி வந்துச்சு மேடம். எல்லாரும் ஓடிட்டாங்க. எங்கம்மா தங்கச்சிய தூக்கிகினு ஓடிச்சு. என்ன வுட்டுட்டாங்க. நான் தூங்கினு இருந்தேன்."

அக்கா தரையைப் பார்த்தாள்.

"இத யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"மாமாவுக்குத் தெரியும். ஆனா பேப்பர்ல வர்ல. அப்ப அது சொல்லக்கூடாத மேட்டருன்னு நெனச்சிகினேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எந்தப் பேப்பர், என்ன செய்தி என்று விளக்கினேன். விளக்கி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவர் தாளில் ஒரு வரி எழுதினார். பிறகு மறுபடியும் வரவேண்டிய தேதியைச் சொன்னார். அந்தச் சந்தில் இந்தக் காவல் வேலையிலிருந்து இவளை யாராவது விடுவிக்க வேண்டும் என்றும், அதற்கு மாத்திரை கிடையாது என்றும் சொன்னார்.

வெளியே மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அக்கா அங்கே உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"வுட்டுட்டா ஓடுனேன்? சொல்லுடி. வுட்டுட்டு ஓடுற ஆளா நானு? எத்தினி தபா உன் பேர சொல்லி கூப்டேன் தெரியுமா?"

"எனுக்கு எப்டிமா தெரியும்? நான்தான் தூங்கினு இருந்தேனே."

"அதான்டி நானும் சொல்றேன். எழுந்துக்க மாட்டன்னா நான் இன்னாத்த பண்றது?"

"அதான் இப்ப முழிச்சிகினு கீறேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரியவள் அவள் தோளில் சாய்ந்து, இரண்டு நிமிடத்துக்குள் தூங்கிப்போனாள். பகலில் தூங்கவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நாங்கள் எழுப்பவில்லை.

*

தாம்பாளத்தையும் கரண்டியையும் நானே பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தில் நாலு பேரிடம் பேசினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். "இன்னா பாப்பா, ரிட்டேர்டு ஆயிட்டியா?" "பென்சன் வருமா?" என்று கேலி செய்தார்கள். அதில் பாசம்தான் இருந்தது. ஒன்பதாவது நாள், மூன்று மணிப் படகைத் தவறவிட்ட ஒருவர் அக்கா வீட்டு வாசலில் வந்து கத்தினார். "பேப்பர்ல மட்டும் வரத் தெரியுது, ஒரு ஆள எழுப்பத் தெரியாதா? பேஜாரு புடிச்ச பொண்ணு!" அன்று இரவு அவள் மறுபடியும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குத் தேர்ச்சி போட்டுப் பத்தாவதுக்கு அனுப்பினார்கள். அந்தக் கோடை விடுமுறையில் அவளைத் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இரண்டாவது மாடி, நானும் என் மனைவியும் மட்டும். டாக்டர் கொடுத்த தாளின்படி ஒரு நோட்டுப் போட்டேன். விளக்கு அணைத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம். முதல் இரவு அவள் கேட்டாள்: "மாமா, இந்த வூட்டுக்கு வெளிய போறதுக்கு ஒரே வாசல்தானா?" இன்னொரு நாள்: "அத்தைக்கு தூக்கம் கெட்டியா? ஒரு கொரலுக்கு எழுந்துப்பாங்களா?" நான் எழுந்துகொள்வேன், உன்னைத்தான் முதலில் எழுப்புவேன் என்று சொன்னேன். தலையாட்டினாள்.

தூங்கிய நேரம் முதல் வாரம் மூன்று நாற்பது, நான்கு ஐந்து, மூன்று ஐம்பது. இரண்டாவது வாரம் மூன்று. நாலாவது வாரத்தில் ஒன்றரைக்கு இறங்கியது. மே மாதக் கடைசியில் ஒரு நாள் பன்னிரண்டு பத்து. மறுநாள் காலையில் அவள் இரண்டு தோசைக்கு மேல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் மனைவியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். உதட்டுப் புண் ஆறியிருந்தது.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது அக்கா மார்க்கெட்டிலிருந்து நேராக, மீன் கூடையோடு வந்தாள். கூடையைக் கீழேயே வைத்துவிட்டு மாடி ஏறி, கதவருகில் நின்றபடி கேட்டாள்.

"இங்கயே இருக்கட்டுமாடா? இங்கேர்ந்தே இஸ்கோலுக்குப் போவட்டும். பஸ்சு கீது. நீ இன்னா சொல்ற?"

அவள் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவள். பெரியவள் உள்ளே பையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற சத்தம் நின்றது.

என் வேலை நேரம் ஒழுங்கில்லாதது. மனைவிக்கு அப்போது ஐந்தாவது மாதம். வீட்டில் இருந்தது ஒரே அறை. இவை மூன்றும் உண்மை.

"பாக்கலாம்கா" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். உள்ளே துணி மடிக்கிற சத்தம் மறுபடியும் கேட்டது. மாலையில் இருவரும் ஷேர் ஆட்டோவில் எண்ணூருக்குப் போனார்கள். அக்கா இரண்டாவது முறை கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆகஸ்டில் போன் செய்து எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்டபோது, "நாலு, நாலரை ஆவும் மாமா" என்றாள். நோட்டை நான் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தேன்.

எங்கள் நாளிதழில் ஊர்ப் பெயர் தவறாக வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். அந்தப் பெட்டிச் செய்திக்கும் ஒரு திருத்தம் எழுதிப் பார்த்தேன். இரண்டு வாக்கியத்தில் அக்கா வந்துவிட்டாள். அவளை எடுத்துவிட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அழித்துவிட்டேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினாள். கணக்குத் தேர்வில் அரை மணி நேரம் தூங்கிவிட்டாள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் எழுப்பினார். தேறிவிட்டாள். பன்னிரண்டாவதும் தேறினாள். தலைமையாசிரியை மாறிப்போனார். சந்தில் இப்போது காவல் என்று ஒன்றும் இல்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயது ஆகிறது. போன வருடம் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்தார்கள். சேருகிற அன்று நான் உடன் போயிருந்தேன். விண்ணப்பத்தில் விருப்பமான ஷிஃப்ட் எது என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் இரவு என்று எழுதினாள்.